கெட்டி எஃகில் ஓட்டை

பழைய அரத்தில் ஓட்டை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சாதாரண டிரில் பிட் கிறீச்சிடும், புகையும், கடைசியில் அரத்தின் மேல் பளபளவென்று ஒரு புள்ளிதான் மிஞ்சும். மழுங்கிப்போவது பிட். பி.காம். படித்துவிட்டு லெட்ஜரோடு காலம் தள்ளும் எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். லேக் கார்டன்ஸ் ஃப்ளாட்டின் பால்கனியில் ஒரு வைஸும் டிரில்லும் வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். (கீழ்வீட்டு தாதா மதியத் தூக்கம் முடிந்து எழும்வரை சத்தம் கூடாது என்று ஒப்பந்தம்.)

இதைப் பற்றிப் படிக்கப் போனால் முதலில் எதிர்ப்படுபவர் நம்ம பரங்கிப்பேட்டைக்காரர். ஜோசையா மார்ஷல் ஹீத், கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830 வாக்கில் அங்கே இரும்பாலை தொடங்கியவர். பிறகு இங்கிலாந்து போய், மாங்கனீசு சேர்த்து எஃகைச் செம்மையாக்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் அதில் சம்பாதித்தார்கள், இவருக்கு வழக்குச் செலவு. 1851இல் இறந்தார். கடன் கொடுப்பவன் கண்ணோடு படித்தால் வயிறு கலங்கும் கதை.

அவர் இந்திய எஃகைப் பற்றி எழுதியபோது, எகிப்தியர்கள் கருங்கல்லைக் குடைந்தது இந்திய எஃகுக் கருவிகளால்தான் என்று வாதிட்டார். பிரமிடைக் கட்டியதே தமிழன் உளி என்கிற ரீதியில் வரும் ஃபார்வர்டுகளுக்கு மூலம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். எனக்கும் ஆசைதான். ஆனால் நிற்காது. கருங்கல்லில் இருக்கும் படிகக்கல் ஏறக்குறைய அரத்தின் அளவுக்குக் கடினமானது. எஃகு உளியும் அங்கே சீக்கிரம் மழுங்கும். எகிப்தியர் செப்புக் குழாயைச் சுழற்றி, அடியில் மணலைப் போட்டுத் தேய்த்தார்கள். குடைந்தது மணல், செம்பு அதைச் சுமந்தது, அவ்வளவுதான். டெனிஸ் ஸ்டாக்ஸ் என்பவர் அதே முறையில் கருங்கல்லைத் துளைத்தும் காட்டிவிட்டார். சிவகளை இரும்புக்குக் கி.மு. 3345 வரை போகும் காலக்கணிப்பை 2025இல் தமிழக அரசு வெளியிட்டதே என்பீர்கள். இரும்பு பழையதாக இருப்பது வேறு, அது எகிப்துக்குப் போய்க் கல்லைக் குடைந்தது என்பது வேறு.

பெருமைப்பட வேண்டுமென்றால் கொடுமணல் இருக்கிறது. நொய்யல் கரையில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன, துளை போட்டதும் போடாததுமாகக் கல்மணிகளும் கிடைத்தன. கெட்டி எஃகு ஒரு பக்கம், கெட்டிக் கல்லில் நுண்ணிய துளை இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே ஊரில்! மணிக்குத் துளை போடும் வித்தையும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இலங்கை மாந்தையில் கிடைத்த, கி.பி. 700 முதல் 1000 வரையிலான மணிகளின் துளைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, வைரமுனைத் துரப்பணத்தின் தடயம் இருப்பதாக 1986இல் எழுதினார்கள்.

அப்படியானால் வைரத்தை வைத்து எஃகையும் துளைக்கலாமே? அங்கேதான் சிக்கல். வைரம் என்பது கரி. சூடேறிய இரும்பு கரியை உறிஞ்சிக்கொள்ளும், முனை தேய்ந்துவிடும். அதனால் நம் கொல்லர்கள் சுலபமான வழியில் போனார்கள்: எஃகு மெதுவாக இருக்கும்போதே ஓட்டை, பிறகு காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துப் பதம். பதம் போட்டதில் ஓட்டை வேண்டுமா? மறுபடி பழுக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து ஆறவிட வேண்டும்.

சூட்டிலும் கடினம் குறையாத எஃகு 1868இல்தான் வந்தது. ராபர்ட் மஷெட் டங்ஸ்டன் கலந்தார், செய்முறையை யாருக்கும் சொல்லவில்லை. 1900 பாரிஸ் கண்காட்சியில் டெய்லரும் ஒயிட்டும் உருவாக்கிய எஃகுக் கருவி, முனை சிவக்கச் சிவக்க இரும்பைச் சீவியது. கடையில் எச்.எஸ்.எஸ். என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த பிட்டின் பூர்வீகம் அதுதான். அதற்கு வேண்டிய டங்ஸ்டன் தாது பெருமளவில் கிடைத்த இடங்களில் ஒன்று அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பர்மா, தவாய் மாவட்டம். தாதுவில் பெரும்பகுதி ஜெர்மனிக்குப் போய்த் தூளாகி ஷெஃபீல்டுக்கு விலைக்கு வந்தது. 1914இல் யுத்தம் வந்தபிறகுதான் வெள்ளைக்காரனுக்கு உறைத்தது, தன் சுரங்கத்தின் சாவி எதிராளியிடம் இருக்கிறதென்று.

அரத்தைத் துளைக்க எச்.எஸ்.எஸ்.ஸும் போதாது, இரண்டும் ஏறக்குறைய ஒரே கடினம். பல்பு இழை கம்பெனி ஒன்று வழிகாட்டியது. இழுவைக் கம்பிக்கு வைர அச்சு கட்டுப்படியாகாமல், ஆஸ்ரம் ஆட்கள் டங்ஸ்டன் கார்பைடைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சுட்டார்கள், 1923இல் காப்புரிமை. க்ருப் அதை வாங்கி 1927இல் ‘விடியா’ என்று சந்தைக்கு விட்டது. ஜெர்மனில் அதன் பொருள் ‘வைரம் போல’.

என்.எஸ். ரோட்டுக் கடைகளில் கிடைக்கும் சுவர் துளைக்கும் பிட்டின் முனையும் இதே வம்சம்தான். வைரத் தட்டில் அதைக் கூராக்கிக்கொள்ளுங்கள். வைஸில் இறுக்கமாகப் பிடித்து, ஆடாமல், ஒரே சீராக அழுத்தினால் அரம் தூளாக உதிரும். நடுவில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான முனை விரிசல் விடும். கண்ணாடி அணியாமல் டிரில்லைத் தொடவே தொடாதீர்கள்.