பலாங்கொடைத் தோட்டங்களும் பிறர் வயிற்றுப் பிள்ளையும்

இலங்கையின் பலாங்கொடையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை இல்லாத வீட்டுக்கு வேறொருத்தி பெற்றுக் கொடுப்பது புதிதல்ல. வாடகைத் தாய் என்ற பேச்சு வருவதற்கு நூறாண்டு முன்பே, கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும் ஆள் சேர்த்த கங்காணிமாரோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்த வழக்கத்தைத் தங்கள் ஊர்களிலிருந்து கொண்டுவந்தன. கல்யாணமாகிச் சில வருடம் கடந்தும் வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை என்று பேச்சு எழுந்தால், முதலில் நேர்த்திக்கடன். அம்மன் கோயில் மரத்தில் துணித் தொட்டில் கட்டுவார்கள். சஷ்டி விரதம் இருப்பார்கள். அதுவும் பலிக்காதபோது மனைவியின் தங்கையையே கணவனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டி வைப்பதுண்டு. தங்கை பெற்றதை அக்காள் வளர்ப்பாள். ஒற்றை அறையும் ஒரு திண்ணையுமான லயத்தில் மூவரும் குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது. குறை கணவனிடம் இருக்கலாம் என்று எவரும் நினைத்துப் பார்த்ததில்லை. சம்மதமா என்று அந்தத் தங்கையைக் கேட்டவர்களும் அரிது. வம்சம் தழைக்க வேண்டும் என்ற நியாயத்தின் பாரத்தை அவளே சுமந்தாள்.

இதைவிட மென்மையான வழி, பிள்ளைகள் நிறைந்த அண்ணனோ தங்கையோ தங்கள் குழந்தைகளில் ஒன்றை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. பிறந்தவையெல்லாம் இறந்துபோன வீட்டில், அடுத்து வரும் குழந்தையைத் தவிட்டுக்கு விற்று வாங்கும் சடங்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. பெற்றவள் குழந்தையை அடுத்தவளிடம் கொடுத்து, கொஞ்சம் தவிட்டை விலையாகப் பெறுவாள். பிள்ளை வேறொருத்தியுடையது என்று எமன் ஏமாந்து விட்டுவிடுவான் என்பது நம்பிக்கை. பிச்சை, குப்பம்மா போன்ற பெயர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படியொரு துக்கம் இருக்கும்.

சொந்தத்துக்குள் நடந்த கொடுக்கல் வாங்கலுக்கு எழுத்து எதுவும் இல்லை. யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை இருந்தது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த அந்தச் சட்டம், உரித்தாளரின் சம்மதத்தோடு மஞ்சள் நீர் அருந்திப் பிள்ளை எடுப்பதை ஏற்றது. பலாங்கொடை அடங்கிய சப்பிரகமுவாவில் கண்டியச் சட்டம் சிங்களவருக்கு இதே வசதியைத் தந்தது. இரண்டிலும் சேராத தோட்டத் தமிழருக்கு 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளை மகவேற்புக் கட்டளைச்சட்டம் வரும்வரை சட்டவழி ஏதும் இல்லை. அச்சட்டம் மகவேற்பை நீதிமன்றக் கட்டளையாக்கியது. அனுமதியின்றி அதற்காகப் பணம் கொடுப்பதையும் பெறுவதையும் தடுத்தது. ஆனால் வேலைநாளை விட்டு, கூலியை இழந்து, நீதிமன்றம் ஏறக்கூடியவர்கள் தோட்டத்தில் எத்தனை பேர்? வாய்மொழியாக எடுத்து வளர்ப்பதே தொடர்ந்தது. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தகப்பன்வழி முன்னோர் எங்கே பிறந்தார்கள் என்பதற்குச் சான்று கேட்டபோது, பிறப்புப் பதிவே சரியாக நடக்காத லயங்களில் ஏராளமானோர் நாடற்றவர்களானார்கள். அப்படிப்பட்ட காலத்தில், பெற்றவர் ஒருவரும் வளர்த்தவர் வேறொருவருமாக இருந்த பிள்ளையின் நிலை இன்னும் சிக்கலானது.

தோட்ட மருத்துவத்தின் வரலாற்றில் பிள்ளையில்லாதவளுக்கு இடமே இருக்கவில்லை. 1872இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் தொழிலாளரை வேலைக்குத் தகுதியாக வைத்திருக்கப் பார்த்தது. 1939இன் மகப்பேற்று நலன்கள் கட்டளைச்சட்டம் பிரசவித்தவளுக்குப் பணம் தந்தது. பிள்ளை மடுவம் என்ற தோட்டக் குழந்தைக் காப்பகம் பெற்றவளை மீண்டும் கொழுந்து பறிக்க அனுப்ப உதவியது. 1980இல் அரசு கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணக் கொடுப்பனவு அறிவித்தது. அது விரைவில் 500 ரூபாயாக உயர்ந்தது. கையில் காசில்லாத தோட்டப் பெண்களுக்கு அத்தொகை பெரிது. இரண்டு பிள்ளையோடு நிறுத்து என்று சொல்ல வீடு தேடி ஆள் வந்தது. ஒன்றுகூட இல்லையே என்று அழுதவளுக்கு மருத்துவ உதவி தேடி வரவில்லை. தோட்ட டிஸ்பென்சரியில் கிடைக்காத பரிசோதனைக்கு இரத்தினபுரி, கொழும்பு என்று அலைய வேண்டியிருந்தது. இந்த ஏற்றத்தாழ்வே பலாங்கொடையின் கதையில் மிகவும் வலிக்கும் பகுதி.

அதே பத்தாண்டில் பிள்ளைகள் நாட்டுக்கு வெளியேயும் போனார்கள். ஐரோப்பாவின் பிள்ளையற்ற தம்பதிகளுக்காக இலங்கைக் குழந்தைகள் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அவர்களின் தொகை சுமார் 11,000 என மதிப்பிடப்படுகிறது. வறிய கிராமங்களிலும் தோட்டங்களிலும் இருந்த தாய்மார் இடைத்தரகரின் இலக்கானார்கள். பெற்றவள்போல் நடிக்க வேறு பெண்களை அதிகாரிகள் முன் நிறுத்தியதும் பின்னாளில் அம்பலமானது. நெதர்லாந்தின் விசாரணைக் குழு 2021 பெப்ரவரியில் இந்த முறைகேடுகளை உறுதிப்படுத்தியது. இங்கே தாய் என்பவள் பணம் கொடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய ஆளாகிவிட்டாள். வாடகைத் தாய் பற்றிய இன்றைய அச்சங்களில் பெரும்பகுதிக்கு இது முன்கதை.

1978இல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபின் கருமுட்டையை ஒருத்தியிடமும் கருப்பையை இன்னொருத்தியிடமும் பெறும் வழி திறந்தது. கருப்பை இல்லாத அல்லது கரு தங்காத பெண்ணின் முட்டையும் கணவனின் விந்தும் ஆய்வுக்கூடத்தில் சேர்க்கப்பட்டு, உருவாகும் கரு வேறொருத்தியின் கருப்பையில் வைக்கப்படுகிறது. சுமப்பவளுக்கும் பிள்ளைக்கும் மரபணு உறவு இல்லை. தங்கையை இரண்டாந்தாரமாக்கிய பழைய ஏற்பாட்டிலிருந்து இது முற்றிலும் பிரிகிற இடம் அதுவே. இந்தியாவில் 1990களிலேயே சென்னையில் இது செய்யப்பட்டது. பின்னர் குஜராத்தின் ஆனந்த் நகரம் உலகப் பெயர் பெற்றது. 2008இல் ஒரு ஜப்பானியத் தம்பதி குழந்தை பிறக்குமுன் பிரிந்துவிட, அக்குழந்தையின் நாடும் தாயும் யார் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2015இல் வெளிநாட்டவருக்கு இந்தியா கதவடைத்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைத் தாய் முறைப்படுத்தல் சட்டம் பணத்துக்காகச் சுமப்பதைத் தடைசெய்து, 25 முதல் 35 வயதுக்குட்பட்ட, ஏற்கனவே தனக்கொரு பிள்ளை உள்ள பெண் வாழ்நாளில் ஒருமுறை மட்டும் சுமக்கலாம் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் நடிகை நயன்தாரா, இயக்குநர் விக்னேஷ் சிவன் தம்பதிக்கு வாடகைத் தாய் மூலம் இரட்டைக் குழந்தைகள் பிறந்த செய்தியும், விதிமீறல் இல்லை என்ற தமிழக அரசின் விசாரணை முடிவும் வாடகைத் தாய் முறையைத் தமிழர் வீடுகளின் அன்றாடப் பேச்சாக்கின.

இலங்கையில் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்படவில்லை. பிறப்புப் பதிவில் பெற்றவளே தாய். கருவுக்கு உரிய தம்பதி பிள்ளையைத் தங்கள் பெயருக்கு மாற்ற 1941இன் கட்டளைச்சட்டத்தைத்தான் நாட வேண்டும். பணம் கைமாறக் கூடாது என்ற அதன் தடையும் அப்போது குறுக்கே நிற்கும். தமிழ்நாட்டுக்குப் போகலாமே என்றால், இந்தியச் சட்டம் இந்திய வம்சாவளித் தம்பதியிடம் தேசிய வாரியத்தின் பரிந்துரையைக் கேட்கிறது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டு நீலகிரிக்குப் போன அண்ணனின் மகள் இந்தியக் குடிமகளாக விண்ணப்பிப்பாள். பலாங்கொடையில் தங்கிவிட்ட தம்பியின் மகளோ தன் குடும்பம் இந்தியாவிலிருந்து வந்தது என்பதை ஆவணத்தால் நிறுவ வேண்டும்.