வாடைக்குப் பிந்திய கரை: திருகோணமலையில் இளையோர் முன்னெடுக்கும் சூழற்பணி

1. பொருளும் முன்வரலாறும்

இளைஞர் கழகம், பாடசாலைச் சுற்றாடல் முன்னோடிக் குழு, சாரணர், லியோ கழகம் என எப்பெயரில் கூடினாலும் திருகோணமலை இளையோர் கையில் எடுப்பது பெரும்பாலும் கரையோரச் சிரமதானமே. இலங்கையில் சிரமதான வழக்கம் வேரூன்றியது 1958இல். நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன தம் மாணவர்களைக் கனத்தொலுவ கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அவர்கள் ஊராரோடு தங்கி உழைத்தார்கள். அதிலிருந்து சர்வோதயம் வளர்ந்தது. இன்றைய சிரமதானமோ காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு கலைகிறது. உழைப்பில் குறையில்லை. அது உரிய காலத்திலும் இடத்திலும் செலவாகிறதா என்பதே இங்கு ஆய்வுக்குரியது.

2. காலம்

சர்வதேசக் கரையோரத் தூய்மை நாள் செப்டெம்பர் மூன்றாம் சனிக்கிழமை. 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கிய இயக்கத்தின் நாட்காட்டி அது. கிழக்குக் கரைக்கு அது பொருந்தவில்லை. கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடல் அமைதி. உல்லாசப் பயணிகள் நிறைவர். ஆகவே செப்டெம்பரில் சாக்கில் சேர்வது முக்கியமாக அவர்கள் விட்டுப்போன போத்தலும் பொலித்தீனும். அதற்கடுத்த மாதங்களில் வாடைக் காற்று தொடங்குகிறது. 335 கிலோமீட்டர் ஓடிவரும் மகாவலி வெள்ளத்தோடு கொட்டியாரக் குடாவில் இறங்குகிறது. கடல் தான் சுமந்ததைக் கரையில் எறிகிறது. மாசியில் கரை மிக அழுக்காகக் கிடக்கும்போது பதாகையும் இல்லை, படப்பிடிப்பும் இல்லை. இந்த ஊரின் தூய்மை நாளை மீனவரிடம் கேட்டுக் குறித்திருக்க வேண்டும்.

கரைக் குப்பைக்குப் பருவம் உண்டு; நகருக்குள் பிரெட்ரிக் கோட்டை மான்களுக்குப் பருவம் ஏது? ஆண்டு முழுவதும் அவை குப்பையோடு பொலித்தீனையும் மேய்கின்றன.

3. கண்டல்

கன்று நடுவது இளையோர் விரும்பும் மற்றொரு பணி. சுனாமிக்குப் பின் நாடெங்கும் கண்டல் நட்டார்கள். ருகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பங்கேற்று 2017இல் வெளியிட்ட ஆய்வு 23 நடுகை இடங்களைப் பார்த்தது. ஒன்பதில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. நட முயன்ற 1,000 முதல் 1,200 ஹெக்டேரில் தேறியது 200 முதல் 220 வரைதான். பொருந்தாத நீர்மட்டத்தில் நட்டதும், நட்டபின் எவரும் பாராததும், மாடுகள் மிதித்ததும் காரணங்கள். தம்பலகாமக் குடாவிலோ கிண்ணியாவிலோ நட விரும்புவோர் முதலில் கற்க வேண்டியது வற்று, பெருக்கு. ஏற்கெனவே நிற்கும் கண்டலை வெட்டாமல் காப்பது அதைவிட மலிவு, ஆனால் மேடைக்கு உதவாது.

4. அதிகாரம்

2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உரியது. எதிரேயுள்ள நிலாவெளி மணல் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கு. அங்கு சேரும் குப்பை குச்சவெளிப் பிரதேச சபைக்கு. கடலில் கலக்கும் மாசு கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபைக்கு. பவளத்தை மிதிக்காதே என்று எழுதி வைக்கவும் இளைஞர் அனுமதி பெற வேண்டும். தலைமை என்று புகழ்ந்து கையில் சாக்கை மட்டும் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

மாவட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் நால்வர் முஸ்லிம்கள், மூவர் தமிழர், எஞ்சியோர் பெரும்பாலும் சிங்களவர். கரையில் இம்மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகக் குனிகிறார்கள். தீர்மானம் எடுக்கும் மேசை வேறு. அதை அடைய ஒரு வழி உண்டு. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் வேட்பாளரில் நான்கில் ஒரு பங்கினர் 35 வயதுக்கு உட்பட்டோராக இருத்தல் கட்டாயமாயிருந்தது. வாடை ஓய்ந்த வாரங்களில் நிலாவெளிக்குக் குப்பை ஏற்ற உழவு இயந்திரம் ஒன்றைக் கூடுதலாக ஒதுக்கும் பிரேரணை, அவ்வழியே சபைக்கு வருவோர் கொண்டுவரக்கூடியது.