கண்ணாடிப் பேழையும் பேசும் திரையும்

புளத்கொகுபிட்டியவின் றப்பர்த் தோட்டங்களில் வளரும் ஒரு பிள்ளையிடம் சரித்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அநுராதபுரத்தில் என்றோ பொலநறுவையில் என்றோ விடை வரும். பாடநூல் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. ஆனால் கேகாலையிலிருந்து அவ்வூர் வழியாக இறங்கும் பாதை கரவனெல்லையில் அட்டன் வீதியைச் சேர்கிறது; அவ்வீதியில் எட்டியாந்தோட்டையைக் கடந்தால் கித்துல்கல. அதன் அருகேதான் பெலிலென குகை இருக்கிறது. சிரான் தெரணியகலையும் விஜயபாலவும் 1970களின் இறுதியிலிருந்து அங்கே நடத்திய அகழ்வில், சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த தடயங்களும், எலும்புகளும், சிறு கற்கருவிகளும் வெளிப்பட்டன. இரத்தினபுரிப் பக்கம், குருவிட்டைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்ப லெனவில் கடற்சிப்பியாலான மணிகள் கிடைத்தன. கடலைக் காணாத காட்டுக்குள் கடற்சிப்பி! எத்தனை கால்கள் நடந்து, எத்தனை கைகள் மாறி அது வந்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கண்ணாடிப் பேழை எழுப்புவதில்லை. நகத்தளவுப் படிகக்கல் ஒன்றைப் பஞ்சின்மேல் வைத்து, 'நுண்கற்கருவி' என்று சீட்டு ஒட்டினால், பார்ப்பவன் ஒரு கல்லைப் பார்த்துவிட்டு அப்பால் போகிறான். தொடுதிரையோ அந்தக் கல்லைத் திருப்பிக் காட்டும். ஒரு கோலின் நுனியில் பொருத்திக் காட்டும். பிள்ளை விரலை வைத்து மண்ணடுக்குகளை ஒவ்வொன்றாக நீக்கிக் காலத்துக்குள் இறங்கலாம். இதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கும் பண்டிதர்களோடு நமக்கு உடன்பாடில்லை. படித்தவனுக்கு மட்டுமே விளங்கிய பொருளை எழுத்தறியாத உழைப்பாளிக்கும் விளங்கச் செய்யும் எந்தச் சாதனமும் மக்களுக்குரியதே.

தமிழகத்தில் இதற்கான பெரும் முயற்சி கீழடியில் நடந்திருக்கிறது. 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் உறைகிணறு, தக்களி, தந்தப் பகடை, 'ஆதன்' என்று பெயர் கீறிய பானை ஓடு ஆகியவற்றோடு தொடுதிரைகளும் அசையும் படங்களும் இடம் பெற்றுள்ளன. பானையில் தன் பெயரைத் தானே கீறிக்கொண்ட சாதாரண மனிதனை, மன்னர் பட்டியலையே சரித்திரமென்று ஓதி வந்த நாம் அங்கே சந்திக்கிறோம். மகிழ்ச்சிதான். ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். கொந்தகைத் தாழிகளிலிருந்து எடுத்த மண்டையோடுகளைக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய இரு ஆடவர் முகங்கள் 2025இல் வெளியாயின. முகத்தின் அமைப்பை எலும்பு சொல்லும். தோலின் நிறத்தை அது சொல்லாது. அந்நிறம் ஆய்வாளரின் ஊகம். திரையிலோ அறிந்ததும் ஊகித்ததும் ஒரே ஒளியில் மின்னுகின்றன. ஆகவே 'இது என்ன?' என்பதோடு நில்லாமல், 'இது எப்படித் தெரியும்?' என்ற கேள்விக்கும் திரை விடை தரவேண்டும். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் கரிமக் கணிப்பே கி.மு. 580 என்ற காலத்தைத் தந்தது என்பதைப் பிள்ளையே படிப்படியாகத் தொட்டு அறியட்டும். அப்போதுதான் அரசுகளும் கட்சிகளும் கடந்த காலத்துக்கு வண்ணம் பூசும்போது அவன் ஏமாறமாட்டான்.

இனி நம் மலையகத்துக்கு வருவோம். இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், பொதுவாக 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருளாகக் கொள்கிறது. கண்டி ராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நம் மக்கள் கொண்டுவரப்பட்டதோ 1820களில் தொடங்கியது. ஆக, அவர்களுடைய இரு நூற்றாண்டு வாழ்வின் சின்னங்கள் அனைத்தும் அந்தக் கோட்டுக்கு இப்பால் விழுந்துவிடுகின்றன. தனிக் கட்டளை பிறந்தாலன்றி அவற்றுக்குக் காவல் இல்லை.

கண்டி ஹந்தானையில், 1925இல் கட்டிய தொழிற்சாலை ஒன்று 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. இயந்திரங்களும் துரைமார் பொருள்களும் அங்கே உண்டு. கொழுந்து பறித்த கைகளைக் காண, கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்து லயத்தில் 2007இல் அமைந்த தொழிலாளர் நூதனசாலைக்குத்தான் போகவேண்டும். துரைமாருக்குத் தொழிற்சாலை, தொழிலாளிக்கு லயம். நூதனசாலையிலும் அதே பங்கீடு!

இங்கேதான் புதிய சாதனம் பயன்படவேண்டும். 'துண்டு' என்ற சிறு காகிதத்தை எடுத்துக்கொள்வோம். தொழிலாளியின் கடனைக் குறித்து, அதைத் தீர்ப்பவரே அவனை வேறு தோட்டத்துக்குக் கொண்டுசெல்லலாம் என்று விதித்த அம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கண்ணாடிக்குள் அது மங்கிய தாள். திரையில் அதைத் தொட்டதும், வழிச்செலவில் தொடங்கிய கடன் அரிசியும் கம்பளியும் சேர்ந்து ஏறுவதைப் பிள்ளை தானே கூட்டிப் பார்க்கலாம். தன் பாட்டன் ஏன் தோட்டத்தைவிட்டு ஓடவில்லை என்பது அந்தக் கூட்டல் கணக்கில் விளங்கிவிடும்.

லயங்கள் இடிபடுவதைக் கண்டு நாம் கண்ணீர் விடவில்லை. ஒழுகும் கூரையைப் பாரம்பரியம் என்று போற்றுவது, அதன்கீழ் படுத்தறியாதவர்களின் ரசனை. ஆனால் இடிக்குமுன் ஒரு காம்பராவையேனும் அளந்து, படம் பிடித்து, அங்கே வாழ்ந்தவரின் குரலைப் பதிவு செய்யக் கோடிக்கணக்கான ரூபா வேண்டாம். ஆசிரியர் ஒருவரும் கைத்தொலைபேசி வைத்திருக்கும் நான்கு மாணவரும் போதும். பால்வெட்டும் கத்தியைத் தீட்டிய விதம் முதல், பிரட்டுக்குத் தப்பு அடித்த நேரம் வரை சொல்லக்கூடியவர்கள் புளத்கொகுபிட்டியவின் லயங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள்.