பழுப்பு நாய்க்கு ஒரு சிலை

இலண்டன் மாநகரில் பட்டர்சி என்னும் பகுதி உண்டு. உழைப்பாளர்கள் நிறைந்து வாழ்ந்த பகுதி. அங்கே 1906 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று ஒரு சிலை திறந்து வைக்கப்பட்டது. அது அரசருக்கோ படைத்தளபதிக்கோ வைத்த சிலையன்று. பெயர் தெரியாத ஒரு பழுப்பு நிற நாய்க்கு வைத்த சிலை! ஒரு நாய்க்கு ஏன் சிலை?

1903 பிப்ரவரியில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் பெய்லிஸ் என்ற உடலியல் அறிஞர், ஏறத்தாழ 60 மாணவர்கள் முன்னிலையில் அந்த நாயை அறுத்து உமிழ்நீர்ச் சுரப்பு பற்றிய விளக்கம் நடத்தினார். லிசி லிண்ட் அஃப் ஹாகெபி, லீசா ஷார்ட்டாவ் என்ற இரு சுவீடன் நாட்டுப் பெண்களும் அங்கிருந்தனர். நாய்க்கு முறையாக மயக்க மருந்து தரப்படவில்லை என்றும், அதன் உடலில் முந்தைய அறுவையின் காயம் இருந்தது என்றும் அவர்கள் எழுதி வைத்தார்கள். 1876 ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டுமே குற்றம். விலங்கறுவை எதிர்ப்புச் சங்கத்தின் செயலாளர் ஸ்டீபன் கோல்ரிட்ஜ் இதை மேடையில் பேச, பெய்லிஸ் அவதூறு வழக்குத் தொடுத்தார். மயக்க மருந்து தரப்பட்டது என்ற அவரது தரப்பே வென்றது. அவருக்கு 2,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது.

நீதிமன்றத்தில் தோற்றவர்கள் சிலையாகப் பேசினார்கள். 1902 இல் அதே இடத்தில் அறுக்கப்பட்ட 232 நாய்களின் நினைவையும் சிலையின் கல்வெட்டு சுமந்தது. தீர்ப்புக்குப் பிறகும் தங்கள் தொழிலைக் குற்றம் சாட்டுவதாக மருத்துவ மாணவர்கள் கொதித்தனர். 1907 இல் சிலையை உடைக்க முயன்றனர். அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று சுமார் 1,000 மாணவர்கள் திரண்டு காவலர்களோடு மோதினர். பெண் வாக்குரிமைக் கூட்டங்களிலும் புகுந்து கலகம் செய்தனர். 1910 மார்ச்சில் 120 காவலர்கள் காவல் நிற்க, விடியும் முன்பே சிலை அகற்றப்பட்டது.

இந்தச் சண்டை உண்மையில் நாயைப் பற்றியது மட்டும்தானா? கத்தியின் கீழ்க் கட்டிக் கிடந்த உயிரில் பெண்களும் ஏழைகளும் தங்களையே கண்டார்கள் என்று கோரல் லான்ஸ்பரி என்ற ஆய்வாளர் 1985 இல் எழுதினார். மருத்துவமனையில் தம் உடலும் சோதனைப் பொருளாகிவிடுமோ என்ற அச்சம் அன்றைய ஏழைகளிடம் இருந்தது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அதே காலத்தில் ஆய்வுக்கூடங்களில் தவளைகளும் மாண்டன. அவற்றுக்காக யாரும் தெருவில் இறங்கவில்லை. 1876 ஆம் ஆண்டுச் சட்டமே நாய், பூனை, குதிரை ஆகியவற்றுக்குத் தனிச் சான்றிதழ் கேட்டது. முதுகெலும்பற்ற உயிர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. வலியின் அளவை விட, மனிதனோடு அந்த விலங்குக்கு உள்ள நெருக்கமே இரக்கத்தின் அளவைத் தீர்மானித்தது எனலாம். 1996 இல் அமெரிக்க உளவியலாளர்களிடமும் மாணவர்களிடமும் ஸ்காட் பிளவுஸ் நடத்திய ஆய்விலும் இதே போக்குத் தெரிந்தது. எலி, புறா ஆகியவற்றை ஆய்வுக்குப் பயன்படுத்த இருந்த ஆதரவு, குரங்குக்கும் நாய்க்கும் குறைந்தது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 1921 இல் டொராண்டோவில் நாய்களிடம் நடத்திய சோதனைகளிலிருந்தே இன்சுலின் பிறந்தது. நீரிழிவால் சாகக் கிடந்த குழந்தைகள் பிழைத்தார்கள். அந்தத் தாய்மாரிடம் போய் நாயின் வலியைப் பேசுவது எளிதல்ல. அதற்காக நாயின் வலி இல்லாமல் போய்விடுவதும் இல்லை.

1985 இல் பட்டர்சி பூங்காவில் வேறொரு பழுப்பு நாய்ச் சிலை வைக்கப்பட்டது. முதல் சிலை எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை என்பதையே அது காட்டுகிறது. நாய்க்கு இரங்கும் மனம் எலிக்கும் இரங்குமா என்பதே அந்தக் கேள்வியின் மறுபாதி.