நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மண் அரிப்புக்கு எளிதில் ஆளாகும் விளைநிலத்தில் சாகுபடியை நிறுத்திப் புல்லோ மரமோ வளர்க்க இசையும் உழவர்களுக்கும் நில உடைமையாளர்களுக்கும் நடுவண் அரசு ஆண்டுதோறும் வாடகை தரும் ஏற்பாடு, நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம் எனப்படும். 1985 டிசம்பர் 23 அன்று குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரீகன் கையொப்பமிட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தோற்றுவித்தது.

இதன் வேர் 1930களின் புழுதிப் புயல்களில் இருக்கிறது. கான்சஸ், ஒக்லகோமா, டெக்சஸ் பகுதிகளின் புல்வெளிகளைக் கோதுமைக்காக உழுது போட்டிருந்த வேளையில் மழையும் ஆண்டுக்கணக்கில் பொய்த்ததால், பிடிப்பிழந்த மேல்மண் காற்றோடு கிளம்பி, 'கறுப்பு ஞாயிறு' எனப் பெயர் பெற்ற 1935 ஏப்ரல் 14 அன்று பகலையே இருளாக்கியது. மண்ணியல் அறிஞர் ஹியூ ஹாமண்ட் பென்னட் விடாமல் வற்புறுத்தி வந்ததன் பயனாக அம்மாதம் 27ஆம் நாள் மண் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நிலத்தைத் தரிசாக விடுவதற்கு 1956ஆம் ஆண்டின் 'மண் வங்கி'த் திட்டமும் பணம் தந்ததுண்டு. ஆனால் தேங்கிக் கிடந்த தானியத்தைக் குறைப்பதிலேயே அதற்கு அக்கறை மிகுதி.

இன்றைய திட்டத்தில் உடைமையாளர் 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொள்கிறார். நிலம் அவருடையதாகவே இருக்கிறது. அதில் பயிரிடும் உரிமையை மட்டுமே அவர் விட்டுத்தருகிறார். வட்டாரத்து மானாவாரிக் குத்தகையை ஒட்டி வாடகை கணிக்கப்படுவதோடு, புல்லோ மரமோ நடும் செலவில் பாதி வரை அரசு ஏற்கிறது. பொது அழைப்பில் வரும் விண்ணப்பங்கள், அரிப்புத் தடுப்பு, நீர்த்தூய்மை, காட்டுயிர் வாழ்விடம், செலவு முதலியவற்றுக்கு மதிப்பெண் இடும் 'சுற்றுச்சூழல் பயன் குறியீட்டின்'படி தேர்வாகின்றன. விதை வணிகரும் பண்ணைத் தொழிலாளரும் பிழைப்பிழக்காதிருக்க, ஒரு மாவட்டத்தின் பயிர்நிலத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் பொதுவாகச் சேர்ப்பதில்லை.

1996 முதல், ஓடைக்கரைப் புல்பட்டைகள் போன்றவற்றைப் போட்டியின்றி எப்போது வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். சிறு பரப்பில் பெரும்பயன் தருவது இப்பிரிவே எனலாம். சோள வயலிலிருந்து செந்நிறமாய் வழிந்துவரும் மழைநீர், நெருங்கி நிற்கும் புல்தண்டுகளிடையே வேகம் தணிந்து, வண்டலையும் அதில் ஒட்டிய உரச்சத்தையும் அங்கேயே படியவிட்டுத் தெளிந்து ஓடையில் சேர்கிறது. வட டகோட்டா, தென் டகோட்டா மாநிலங்களின் சிறுகுட்டைகளைச் சூழ்ந்த புல்வெளிகளிலோ, உழவின்றி விடப்பட்ட நிலத்தில் காட்டு வாத்துகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

ஆயினும் இந்தக் காப்பு ஒப்பந்தக் காலத்தோடு முடிந்துவிடுவது இதன் பெருங்குறை. 2007இல் ஏறத்தாழ 3.68 கோடி ஏக்கரை எட்டிய பரப்பு, எத்தனால் தேவையால் மக்காச்சோள விலை ஏறியதும் சுருங்கத் தொடங்கியது. காலம் முடிந்த நிலங்கள் பல மீண்டும் கலப்பைக்குத் திரும்பியதால், பல ஆண்டுகளில் வேரூன்றிய புல்வெளி ஒரே உழவில் அழிந்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் உச்சவரம்பை 2.4 கோடி ஏக்கராகக் குறைத்தது. அதைப் படிப்படியாக 2.7 கோடியாக உயர்த்திய 2018ஆம் ஆண்டுச் சட்டமோ, பொதுப் பதிவுக்கான வாடகையை மாவட்டச் சராசரியில் 85 விழுக்காட்டுக்குள் நிறுத்தியதால் உழவரின் ஆர்வத்தைத் தானே குறைத்துக்கொண்டது. இதற்கு மாறாக, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த ஈரநில ஒதுக்கீட்டுத் திட்டத்தில், உழுவதற்கும் வடிப்பதற்கும் உள்ள உரிமையை அரசு நிரந்தரமாகவே விலைக்கு வாங்க முடிந்தது. அவ்வாறு பத்திரத்தில் பதிவான கட்டுப்பாடு, நிலம் எவர் கைக்கு மாறினாலும் அதனுடனேயே செல்லும்.