குணசேகரனுக்கு முந்தைய மாரிமுத்து

2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலை, ‘எதிர்நீச்சல்’ தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த நடிகர் ஜி. மாரிமுத்துவுக்கு மாரடைப்பு வந்தது. மருத்துவமனைக்குப் போனவர் பிழைக்கவில்லை. செவ்வாப்பேட்டையில் எங்கள் தெருவுக்குச் செய்தி வந்தபோது, மாரிமுத்து என்ற பெயரை யாரும் சொல்லவில்லை. “குணசேகரன் போயிட்டாராம்” என்றுதான் பேசிக்கொண்டார்கள். அந்தத் தொடரில் அவர் நடித்த பாத்திரமான, வீட்டுப் பெண்களை அடுப்படியைத் தாண்டவிடாத ஆதி குணசேகரனை இரவுதோறும் திட்டித் தீர்த்த அதே பெண்கள், அன்று சொந்தத்தில் ஒரு சாவு விழுந்ததுபோல வருந்தினார்கள்.

அடுத்த சில நாள்களில் வந்த அஞ்சலிக் குறிப்புகளை எடுத்து வைத்துப் படித்தேன். அவர் வயதில்கூட அவை ஒத்துப்போகவில்லை. ஆனால் “ஏய்... இந்தாம்மா” என்ற ஒற்றை வசனத்தால் திடீரென்று உச்சிக்குப் போனவர் என்பதில் மட்டும் பலவும் ஒன்றுபட்டன. அந்தத் ‘திடீரென்று’ என்னை உறுத்தியது. வார்த்தையை இழுக்க வேண்டிய இடம், நிறுத்த வேண்டிய இடம், பார்வையாலேயே முடிக்க வேண்டிய இடம் எல்லாம் அறிந்த ஒரு நடிப்பு ஒரே தொடரில் கைவந்திருக்குமா? பதில் தேடிக் கிளம்பினேன்.

முதல் தடயம் அவர் வாய்மொழி. தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரி அவருடைய ஊர். சினிமா இயக்குநராக வேண்டும் என்று 1990இல் வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தார். ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். இலக்கிய ஆர்வம் அவரைக் கவிஞர் வைரமுத்துவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. புகழ் வந்தபின் கொடுத்த நேர்காணல்களில் அவர் மறைக்காமல் சொன்னவை இவை. ஆனாலும் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் வைத்து ஆய்வை முடிக்கக் கூடாது. மறுபக்கச் சாட்சி வேண்டும். அது வைரமுத்துவின் இரங்கல் செய்தியில் கிடைத்தது. மாரிமுத்து தன்னிடம் உதவியாளராக இருந்ததையும், தேனியில் அவர் திருமணத்தைத் தானே நடத்திவைத்ததையும் கவிஞர் அதில் நினைவுகூர்ந்திருந்தார். இரண்டு பக்கமும் பொருந்தின.

இரண்டாவது தடயம் டைட்டில் கார்டு. ராஜ்கிரண் இயக்கிய ‘அரண்மனைக் கிளி’ (1993), ‘எல்லாமே என் ராசாதான்’ (1995) இரண்டிலும் அவர் உதவி இயக்குநர். பிறகு மணிரத்னம், வசந்த், சீமான், எஸ். ஜே. சூர்யா என்று பலரிடம் வேலை செய்தார். உதவி இயக்குநர்களின் பெயர்கள் மொத்தமாக ஒரே கார்டில் வரும். சில நொடிகளில் மறைந்துவிடும். போதாக்குறைக்கு மாரிமுத்து என்பது தென்மாவட்டங்களில் தெருவுக்கு ஒருவருக்கு உள்ள பெயர். கார்டில் பெயரைப் பார்த்ததும் இவர்தான் என்று எழுதிவிட முடியாது. எந்த ஆண்டு, எந்த இயக்குநர், அப்போது அவர் யாரிடம் இருந்தார் என்று ஒவ்வொன்றையும் நேர்காணல்களோடு ஒத்துப் பார்த்தேன். அப்படித் தேடிப் போனதில் அவர் முகமே அகப்பட்டது. ‘வாலி’யில் (1999) மிகச் சிறிய வேடம் ஒன்றில் வந்துபோகிறார். ‘எதிர்நீச்சல்’ தொடங்க அப்போது இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

மூன்றாவது தடயமான பழைய பத்திரிகைகளைத் தேடி, செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூர் கன்னிமாரா நூலகம் போனேன். நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலும் நான்கு நூலகங்களுக்குக் கட்டாயம் போய்ச் சேர வேண்டும் என்கிறது 1954ஆம் ஆண்டுச் சட்டம். 1956இல் நாளிதழ்களும் பருவ இதழ்களும் அதில் சேர்க்கப்பட்டன. கன்னிமாரா அந்த நான்கில் ஒன்று. அதனால் அச்சில் வந்த மாரிமுத்துவைத் தேட ஓர் இடமாவது இருக்கிறது. பிரசன்னா நடித்த ‘கண்ணும் கண்ணும்’ (2008) மூலம் இயக்குநரானவர், அடுத்த படமான ‘புலிவால்’ வர 2014 வரை காத்திருந்தார். இடையில் மிஷ்கினின் ‘யுத்தம் செய்’ (2011) அவரை முழு நடிகராக்கியது. ‘கொம்பன்’, ‘மருது’, ‘கொடி’ என்று வேடங்கள் தொடர்ந்தன. சென்னைக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து முதல் படம் எடுத்தவரை இனி யாரும் ‘திடீர்’ நடிகர் என்று சொல்ல முடியாது.

இந்தத் தேடலில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது ‘பரியேறும் பெருமாள்’ (2018). அதில் அவர் நாயகியின் தந்தை. சாதியை மீற முடியாமலும், தன் கண் முன்னே நடந்த கொடுமையை மறக்க முடியாமலும் கடைசிக் காட்சியில் நிற்கும் மனிதர். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த குணசேகரனோ கொஞ்சமும் இளகாதவர். ஒருவர் தயங்கும் அப்பா, மற்றவர் தயங்கவே தெரியாத அண்ணன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே ஆதிக்கத்தின் இரண்டு முகங்களை அவர் எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார் என்பது விளங்கும். நிஜத்தில் அவர் வேறு ஆள். 2023இல் ‘தமிழா தமிழா’ நிகழ்ச்சியில் சோதிடத்துக்கு எதிராக அவர் வாதாடியதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

‘கோலங்கள்’ தந்த திருச்செல்வம் இயக்கிய ‘எதிர்நீச்சல்’ 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கியது. அவர் நடித்த ‘ஜெயிலர்’ படம் வெளியாகி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் மாரிமுத்து மறைந்தார். எழுத்தாளர் வேல ராமமூர்த்தி குணசேகரன் பாத்திரத்தை ஏற்க, தொடர் 2024 வரை ஓடியது.

அவருக்குப் பெரும்புகழ் தந்த இந்தக் கட்டத்தைத்தான் பொதுக் காப்பகம் எதிலும் என்னால் தேட முடியவில்லை. பத்திரிகைக்கு உள்ள ஒப்படைப்புச் சட்டம் தொலைக்காட்சிக்குக் கிடையாது. ஒளிபரப்பிய நிகழ்ச்சியின் பதிவைச் சேனல்கள் 90 நாள் வைத்திருந்தால் போதும் என்பதே மத்திய அரசின் விதி. அதன்பின் அது நிறுவனத்தின் சொத்து. வைத்திருப்பதும் அழிப்பதும் அவர்கள் விருப்பம். சினிமாவுக்காவது ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் என்ற ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கத் தகவல் சேர்த்து வைத்தார். சென்னைத் தொலைக்காட்சி 1975இல் வந்தது, சன் டிவி 1993இல் வந்தது. ஆனால் சின்னத்திரைக்கு ஓர் ஆனந்தன் இன்னும் வரவில்லை. பிரான்சில் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தேசியக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1992லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அங்கே ஓர் ஆய்வாளர் பழைய தொடரைப் பார்க்க வேண்டுமானால் நூலகம் போவதுபோலப் போய்ப் பார்க்கலாம்.

என் தேடலின் முடிவு இது: மாரிமுத்து ஒரே தொடரில் உருவானவர் அல்லர். முப்பது ஆண்டுகள் கவிதையிலும் கேமராவுக்குப் பின்னாலும் தேர்ந்த ஒரு கலைஞரைத்தான் அந்தத் தொடர் வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இதை நிறுவ எனக்கு உதவியவை பத்திரிகைகளும் சினிமாவும்தான், தொலைக்காட்சி அல்ல. தமிழ்நாடு அரசும் சேனல்களும் சேர்ந்து சின்னத்திரைக்கு ஒரு பொதுக் காப்பகம் அமைக்க வேண்டும். தொடர்களின் பெயர்ப் பட்டியல்களையும் வசனப் பிரதிகளையும் அங்கே ஒப்படைப்பதிலிருந்தாவது அந்த வேலை தொடங்கட்டும். இரவு ஒன்பதரை மணிக்குக் கோடிப் பேரை உட்காரவைத்த கலைஞர்களுக்கு அந்த மரியாதையை நாம் செய்தே ஆக வேண்டும்.