எட்வர்ட் லியர்: ஓவியர், ஊர்சுற்றி, சொல் பைத்தியம்

சிலிகுரிக்கு மாற்றலாகி வந்த புதிது. கவுண்டருக்கு வந்த ஒரு பெரியவர், "ஆப்னார் பாஷா கொத்தாய்?" என்றார். எனக்குப் புரிந்தது 'பாஷா' மட்டும்தான். "தமிழ்" என்றேன். மனுஷர் முழித்தார். வங்காளத்தில் 'பாஷா' என்றால் குடியிருக்கும் வீடாம். மொழிக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தான். உச்சரிப்பில் நூலிழை வித்தியாசம். நம்ம காதுக்கு ரெண்டும் ஒண்ணு!

இந்தக் கூத்தை 1874-லேயே ஒருத்தர் கவிதையாக்கி, டைம்ஸ் ஆஃப் இந்தியாவிலும் வரவைத்துவிட்டார். பேர் எட்வர்ட் லியர். 'தி கமர்பண்ட்' என்ற அந்தப் பாட்டில் ஒரு பெண் 'தோபி' மேல் உட்கார்ந்திருப்பாள், 'கான்சாமா'க்கள் மரம் மாதிரி வளர்ந்து நிற்கும். கடைசியில் 'கமர்பண்ட்' என்ற பூதம் அவளை விழுங்கிவிடும். அர்த்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓசையை மட்டும் வைத்துக்கொண்டு விளையாடியிருக்கிறார்.

சரி, ஆள் யார்? 1812-ல் லண்டன் பக்கம் பிறந்தவர். 21 பிள்ளைகளில் 20-வது. அப்பா பங்குத் தரகர். கடனில் குடும்பம் நொடித்துப் போக, நாலு வயதுப் பையனை 21 வயது மூத்த அக்கா ஆன் எடுத்து வளர்த்தார். சின்ன வயதிலிருந்தே காக்காய் வலிப்பு. வெளியே தெரிந்தால் அவமானம் என்று கடைசிவரை மறைத்தார். வலிப்பு வந்த நாட்களில் டைரியில் ஒரு பெருக்கல் குறி மட்டும் போட்டு வைப்பாராம்.

18 வயதில் கிளிகளை வரைய ஆரம்பித்தார். லண்டன் மிருகக்காட்சி சாலையில் உயிருள்ள பறவைகளைப் பார்த்தே வரைந்த 42 படங்கள், 1830-32-ல் புத்தகமாயின. பேர் வந்தது, காசு வரவில்லை. ஒரு நீலப் பஞ்சவர்ணக்கிளிக்கு இன்றும் இவர் பேர்தான். 1846-ல் விக்டோரியா மகாராணிக்கே ஓவியப் பாடம் எடுத்தார். அதே வருஷம் 'எ புக் ஆஃப் நான்சென்ஸ்' வந்தது. பின்னால் 1860-களில் அதன் உரிமையை 125 பவுண்டுக்கு மொத்தமாக விற்றுவிட்டார். அப்புறம் அது எத்தனை பதிப்பு ஓடியது! பி.காம். படித்த எனக்கு வயிறு எரிகிறது.

இத்தாலி, கிரீஸ், அல்பேனியா, எகிப்து, பாலஸ்தீனம் என்று ஊர் ஊராகச் சுற்றினார். வளர்ந்த பிறகு உட்கார்ந்து கிரேக்கம் கற்று, பழைய நூல்களை மூலத்திலேயே படிக்கும் அளவுக்கு வந்தார். 1873 நவம்பரில், 61 வயதில், வைசிராய் நார்த்புரூக் அழைத்ததால் பம்பாயில் வந்து இறங்கினார். கூடவே பல வருஷம் உடனிருந்த வேலைக்காரர் ஜியோர்ஜியோ. 1874 ஜனவரியில் டார்ஜிலிங் வந்து கஞ்சன்ஜங்காவை வரைந்தார். அங்கிருந்து நம்ம பக்கமும் போயிருக்கிறார்: மகாபலிபுரம், காஞ்சிபுரம், திருச்சி, தஞ்சாவூர். இலங்கையில் ஜியோர்ஜியோ வயிற்றுக்கடுப்பில் படுத்துவிட, பயணம் ஆட்டம் கண்டது. 1875 தொடக்கத்தில் கிளம்பும்போது கையில் சுமார் 2000 படங்கள்.

கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. 1888-ல் இத்தாலியின் சான் ரெமோவில் காலமானார்.

உலகத்தைச் சிரிக்க வைத்த மனுஷர் தன் டைரியில் குறி போட்டுக்கொண்டிருந்ததை நினைத்தால் என்னவோ செய்கிறது. ஆனால் ஒன்று புரிகிறது. புரியாத சொல்லைக் கேட்டு எரிச்சல்பட்டால் அந்நிய ஊர் அந்நியமாகவேதான் இருக்கும். சிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதி ஊர் நம்முடையது.

அந்தப் பெரியவர் இப்போதும் பென்ஷன் வாங்க வருகிறார். என் பேர் அவருக்கு வாயில் நுழைவதில்லை. 'தமிழ் பாபு' என்றுதான் கூப்பிடுகிறார். நானும் திருத்தவில்லை.